பச்சை முட்டையும் நீல முட்டையும்

கட்டுமாவடி போன்ற கடற்கரை ஊர்களில் கோழி வளர்க்கத் தனிக் கொட்டகையோ விலைத் தீனியோ தேவைப்படுவதில்லை. மீன் ஆய்ந்த கழிவையும், மணலில் கிடக்கும் சிப்பித் துணுக்குகளையும், வீட்டில் மிஞ்சிய சோற்றையும் கிளறித் தின்றே நான்கைந்து கோழிகள் வளர்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலத்தில் அந்த முட்டைக் காசு சிறிதாயினும் வீட்டுக்குப் பெரிது. ஆனால் முட்டையை விற்கப் போகும் தாய்மார்கள் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர்: "வெளுத்திருக்கிறதே, இது நாட்டுக்கோழி முட்டைதானா?" பழுப்பாக இருந்தால் ஒரு விலை, வெளுத்திருந்தால் ஒரு விலை. முட்டை ஓட்டின் நிறத்தைப் பற்றி நாம் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நல்லது.

கருமுட்டை முட்டைக்குழாயில் இறங்கியதிலிருந்து முட்டையாக வெளிவரும் வரை ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செலவாகிறது. எந்தக் கோழியானாலும் ஓடு சுண்ணாம்புதான். சுண்ணாம்பின் இயல்பு நிறமோ வெண்மை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து நமக்கு வரும் வெள்ளை முட்டைகளை இடும் கோழிகள், இத்தாலியில் தோன்றிய லெகார்ன் இனத்தின் வழிவந்தவை. அவை ஓட்டில் நிறம் சேர்ப்பதில்லை, அவ்வளவே.

நிறம் சேர்க்கும் கோழிகளிடம் இரண்டு நிறமிகள் உள்ளன. பழுப்பு நிறம் தருவது புரோட்டோபோர்பிரின். நீலம் தருவது பிலிவெர்டின். இரண்டுமே இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு உறவு முறையானவை. அடிபட்டுக் கன்றிய இடம் சில நாள்களில் பச்சை நிறம் காட்டுகிறதல்லவா? அந்தப் பச்சை பிலிவெர்டினால் வருவதே. பித்தநீரிலும் அது உண்டு.

இவ்விரு நிறமிகளும் ஓட்டில் சேரும் விதத்தில்தான் விந்தை இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நினைத்துப் பாருங்கள். சிலர் சுண்ணாம்புக் குழம்பிலேயே நீலத்தைக் கரைத்து அடிப்பார்கள். சிலர் வெள்ளையடித்து முடித்தபின் மேலே காவி பூசுவார்கள். நீல முட்டை முதல் வகை: நிறம் ஓடு முழுவதும் ஊடுருவி, உள்பக்கமும் நீலமாகவே இருக்கும். பழுப்பு முட்டை இரண்டாம் வகை: கடைசிச் சில மணி நேரத்தில் மேலே படியும் பூச்சு, உடைத்துப் பார்த்தால் உள்ளே வெண்மைதான். ஒரே கோழி இரண்டு வேலையையும் செய்தால், அதாவது நீலச் சுண்ணாம்பின்மேல் காவியும் பூசினால், நம் கண்ணுக்குப் பச்சை முட்டை தெரிகிறது. பச்சைக்கெனத் தனி நிறமி கோழியிடம் இல்லை. பச்சை முட்டையை உடைத்து உள்பக்கம் பார்த்தால் நீலம் காணலாம். மேற்பூச்சு அடர்ந்தால் முட்டை பாசி நிறம் கொள்ளும். மெலிந்தால் அதே கோழியின் முட்டை நீலத்தை நெருங்கும்.

நம் நாட்டுக்கோழிகள் பொதுவாக நீலம் இடுவதில்லை. ஆனால் நீல முட்டை நமக்குப் புதிதன்று. தென்னந்தோப்பில் மைனாவின் கூட்டையோ, புதரில் தவிட்டுக்குருவியின் கூட்டையோ எட்டிப் பார்த்த சிறுவர்களுக்கு அது தெரியும். காக்கையின் முட்டையும் நீலப்பச்சையே. அதன்மேல் பழுப்புப் புள்ளிகள் வேறு.

கோழிகளில் நீல முட்டைக்குப் பேர்போனது தென் அமெரிக்காவின் சிலி நாட்டு அரௌக்கானா இனம். மபுச்சே என்னும் பழங்குடி மக்கள் வளர்த்து வந்தது. 1921-இல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் சால்வடோர் கஸ்தெல்யோ என்னும் ஸ்பானியப் பேராசிரியர் இதைப்பற்றி எடுத்துரைத்தபின் பிற நாட்டார் கவனம் திரும்பிற்று. நீல நிறம் பிற நிறங்களை மீறி வெளிப்படும் மரபுப் பண்பு என்பதை 1933-இல் ஆங்கில அறிஞர் பன்னெட் காட்டினார். எனவே நீல முட்டை இனத்துச் சேவலைப் பழுப்பு முட்டையிடும் பெட்டையுடன் சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் தகப்பன் வழி நீலமும் தாய் வழி காவியும் பெற்றுப் பச்சை முட்டை இடும். நீலம் எதிர்பார்த்துக் குஞ்சு வாங்கியவர்கள் பச்சையைக் கண்டு திகைப்பது இதனால்தான். முட்டையே இடாத சேவலும் முட்டையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது!

2013-இல் வெளியான ஆய்வுகள் இன்னும் ஆழமாகச் சென்றன. முற்காலத்தில் கோழியின் மரபணுக்களுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட ஒருவகை வைரஸின் துண்டே இதற்குக் காரணமாம். பொதுவாகக் கல்லீரலில் பணிபுரியும் ஒரு மரபணுவை அது ஓடு கட்டும் பையிலும் இயங்க வைக்கிறது. சீனக் கோழிகளிலும் சிலிக் கோழிகளிலும் இது தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. வைரஸ் என்றதும் அஞ்ச வேண்டாம். இது நோயன்று, உண்பவருக்குத் தீங்கும் இல்லை.

ஓட்டின் கதை இது. மஞ்சள் கருவின் கதை வேறு. 2020-ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒதுக்குங்கல் என்னும் ஊரில் ஒரு வீட்டுக் கோழிகள் பச்சைக் கரு கொண்ட முட்டைகளை இட்டன. ஊரே வியந்தது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் கோழிகளுக்கு வேறு தீனி கொடுத்துப் பார்த்தபோது கரு மெல்ல மஞ்சளுக்குத் திரும்பிற்று. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கை மிகுதியாகத் தின்ற கோழியின் கருவும் பாசி நிறம் அடைவதுண்டு. ஓட்டின் நிறம் பிறப்பால் வருவது. கருவின் நிறம் தின்னும் இரையால் வருவது. கீரையும் புல்லும் மேய்ந்த கோழியின் கரு அடர் மஞ்சளாவதும், மீன் கழிவை அளவின்றித் தின்ற கோழியின் முட்டையில் மீன் வாடை வீசுவதும் இரையின் விளைவுகளே. கடலோரத்தார் இதை நன்கு அறிவர்.

இனி அந்த வெளுத்த முட்டைக்கு வருவோம். பல நாள் தொடர்ந்து இட்ட கோழிக்கும், வயதேறிய கோழிக்கும், கடும் வெயிலிலோ நாய் துரத்தியோ மிரண்ட கோழிக்கும் காவிப் பூச்சு குறைந்துவிடும். ஆகவே அசல் நாட்டுக்கோழியும் வெளிறிய முட்டை இடும். மாறாக, பழுப்பு முட்டையிடும் பண்ணை இனங்களும் இன்று உள்ளன. கூண்டில் அடைபட்டு மூட்டைத் தீனி தின்றாலும் அவற்றின் முட்டை அழகிய பழுப்பாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்கும் நகரத்தார் பலர் வாங்குவது இதைத்தான். ஒரே தீனி தின்ற கோழிகளின் முட்டைகளில், ஓடு எந்நிறமாயினும் உள்ளிருக்கும் சத்தில் வேறுபாடு இல்லை.

வாங்கும் முட்டை புதியதா என அறிய விரும்புவோர் நிறத்தை விட்டுவிட்டு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும்; நாளானது நிமிர்ந்து நிற்கும்; மிதந்தால் வாங்காதீர்கள்.