குழந்தையை யார் கையில் விட்டுச் செல்வது?

விடியலுக்கு முன்பே முத்தையாபுரத்தின் பல வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. உப்பளத்திற்குச் செல்லும் பெண்கள் வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கியாக வேண்டும். இறால் கம்பெனிக்குச் செல்பவர்கள் ஷிப்டைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை. செவிலியராகவும், ஆசிரியையாகவும், துறைமுகம் சார்ந்த அலுவலகங்களில் எழுத்தராகவும், கடைகளில் விற்பனையாளராகவும் பணிபுரிவோர் திருச்செந்தூர் சாலையில் பேருந்துக்காக நிற்கிறார்கள். தொழில் வேறு, ஊதியம் வேறு, படிப்பும் வேறு. ஆனால் கைக்குழந்தை உள்ள தாய்மார் அனைவருக்கும் கேள்வி ஒன்றுதான்: குழந்தையை யார் கையில் விட்டுச் செல்வது?

வேலைக்குச் செல்லும் தாயைப் பற்றி நம் நடுவே இரண்டு விதமான பேச்சு உண்டு. "பிள்ளை மேல் பாசம் இருந்தால் வீட்டோடு இருக்க மாட்டாளா?" என்று ஒருவர் குறை சொல்கிறார். "எல்லாவற்றையும் ஒருத்தியாகவே சமாளிக்கிறாள், கெட்டிக்காரி" என்று இன்னொருவர் புகழ்கிறார். பாசமும் கெட்டிக்காரத்தனமும் அவரிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அவருக்குக் குறைவது இன்னொரு கை. பழிப்பவரும் புகழ்பவரும் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த உதவிக் கை எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைப்பதில்லை என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

ஒரு நாளின் கணக்கு

மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஆய்வு செய்தது. சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்த பெண்கள் அவற்றுக்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். இந்த 97 நிமிடமும் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் கணக்கு மட்டுமே. அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான்.

299 நிமிடம் என்பது ஐந்து மணி நேரம். அதோடு எட்டு மணி நேர வேலையைக் கூட்டிப் பாருங்கள். பயணம், உறக்கம், குழந்தையைக் கொஞ்சும் நேரம், நள்ளிரவில் அது அழுதால் எழும் நேரம் எல்லாம் எஞ்சிய பொழுதுக்குள் அடங்க வேண்டும்.

நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம் நமக்கு நன்கு தெரிந்த பகுதி. அதில் வரும் பெண் இருட்டோடு எழுகிறார், நிலம் வாங்குகிறார், திராட்சைத் தோட்டம் அமைக்கிறார், வணிகம் செய்கிறார். உழைக்கும் பெண்ணைத் திருநூல் போற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அவருக்குப் பணிப்பெண்கள் இருந்ததாகவும் அதே அதிகாரம் சொல்கிறது. நம் பங்கைச் சேர்ந்த தாய்க்கு அந்த வசதி இல்லை.

சட்டம் தரும் உதவி

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்தோடு 12 வார விடுப்பு அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறியது. குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை பாலூட்டுவதற்கென இரண்டு இடைவேளைகளும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் தொடர்கின்றன.

இவற்றைப் பெற, பேறுகாலத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் அந்நிறுவனத்தில் வேலை செய்திருந்தால் போதும். மகப்பேறு விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. தமிழ்நாடு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை 1 முதல் விடுப்பு 12 மாதம். தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் நம் பெண்கள் இந்த உரிமைகளைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

சட்டம் எட்டாத இடம்

உப்பளத்தின் நிலை வேறு. பாத்தியில் உப்பு வாரி, தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண் நாள் கூலி பெறுபவர். சிறு குத்தகை உப்பளத்தில் ஐம்பது பேர் எங்கே இருக்கப் போகிறார்கள்? வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர் 80 நாள் வேலை செய்ததை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்?

ஏழைத் தாய்மாருக்கென டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உள்ளது. 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கிறது. பெரிய உதவிதான். ஆனால் தாய் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தையை வைத்துக்கொள்ள அதனால் ஓர் ஆளைத் தர முடியாது.

நாம் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தின் பயன். அங்கே பகல் முழுவதும் தங்கி உண்பவர்கள் 2 வயதைத் தாண்டிய பிள்ளைகள். அதற்கும் குறைந்த வயதினருக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு உண்டு. தாயோ விடியுமுன் புறப்படுகிறார், பால்வாடி திறப்பது அதற்கு வெகுநேரம் கழித்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஆறு மாதம் கூலி இல்லாமல் இருக்க முடியாத தாய் அந்த அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பார்?

ஆகவே, பிறந்தது முதல் 2 வயது வரை குழந்தை வேறு இரண்டு பேர் கையில் வளர்கிறது. ஒருவர் ஆச்சி. மூட்டுவலியோடும் சர்க்கரை நோயோடும் தவழும் பிள்ளையின் பின்னால் நடப்பவர். இன்னொருவர் அக்கா. பத்து, பன்னிரண்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்று வாசலில் நிற்கும் சிறுமி. ஆச்சிக்கு உடம்பு முடியாத நாளில் பள்ளிக்கு விடுப்பு எடுப்பவளும் அவளே. நாம் ஏற்பாடு செய்யாமல் விட்ட உதவிக்கு அச்சிறுமி தன் படிப்பை விலையாகக் கொடுக்கிறாள்.

லேஸ் பின்னிய ஒரு தாய்

பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் வாழ்ந்த செலி மார்ட்டின் லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். வீடுகளில் இருந்தபடி வேலை செய்யும் பெண்களிடம் பணியைப் பகிர்ந்தளித்து, அவர்கள் பின்னியவற்றைத் தாமே இணைத்து முடித்துக் கொடுப்பார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். கடைசி மகள் 1873இல் பிறந்த தெரேசா. நாம் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் புனிதை. உடல் நலிவால் செலி பாலூட்ட முடியாமல் போக, தெரேசா ஓராண்டுக்கு மேல் கிராமத்துச் செவிலித்தாய் ஒருவரிடம் வளர்ந்தார். தாய்க்கு அது தாழ்வு என்று யாரும் கருதவில்லை. குழந்தை பிழைத்தது.

நாம் கவனிக்க வேண்டியது அவருடைய கணவர் லூயி செய்தது. கடிகாரம் செய்து விற்கும் சொந்தக் கடை அவருக்கு இருந்தது. 1870இல் அதைக் கைமாற்றிவிட்டு மனைவியின் லேஸ் தொழிலுக்குத் துணை நின்றார். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒன்றாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, கணவர்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதும், சோறூட்டுவதும், தூங்க வைப்பதும் மனைவிக்குச் செய்யும் உதவி அல்ல; தந்தையின் சொந்தக் கடமை. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும் களைப்பு உண்டு, மறுக்கவில்லை. களைப்பு இருவருக்கும் உண்டு என்பதால்தான் வேலையைப் பங்கிட வேண்டும்.

இரண்டாவதாக, அன்பியங்கள். ஓர் அன்பியத்தில் இருபது, முப்பது குடும்பங்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தாய் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார், யார் பார்த்துக்கொள்கிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான்கைந்து குழந்தைகளை ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு பெண்மணி கிடைத்தால், தாய்மார் சேர்ந்து அவருக்கு நியாயமான ஊதியம் கொடுக்கலாம். குறையும் தொகையை அன்பியம் ஏற்கலாம். இலவசமாகச் செய்யச் சொல்லக் கூடாது. பிள்ளை வளர்ப்பதும் உழைப்பே.

மூன்றாவதாக, உப்பளமோ கம்பெனியோ கடையோ நடத்தும் நம் பங்கு மக்கள். சட்டம் ஐம்பது பேர் என்று சொன்னாலும், பத்துப் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிநீர், சேலைத் தொட்டில் கட்ட ஒரு கம்பு, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்பது பெரும் செலவல்ல. வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதுவதற்குச் செலவே இல்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்து கலையுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: நம் தெருவில் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக இந்த வாரம் பள்ளிக்குப் போகாத சிறுமி யார்? பதிலாக ஒரு பெயர் வருமானால், நாம் செய்ய வேண்டிய வேலை அந்த வீட்டு வாசலில் தொடங்குகிறது.