உங்களுக்குத் தெரியுமா? தசையைச் சுருக்கும் ராட்சசப் புரதம்

ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி நட்டை இறுக்க ஸ்பேனரைப் பிடிக்கிறார். அந்த நொடியில் அவர் கைத்தசையில் வேலை செய்வது ரையனோடின் ஏற்பி என்ற புரதம்.

✦ தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் நுண்பைகள் உண்டு. அவற்றின் சவ்வில் இந்த ஏற்பி காளான் வடிவில் நிற்கிறது. ஒரே மாதிரியான நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 அமினோ அமிலங்கள், மொத்த எடை 20 லட்சம் டால்டனுக்கும் மேல். அயனிக் கால்வாய்களில் இவ்வளவு பெரியது வேறில்லை. நரம்பின் கட்டளை வந்ததும் நடுத்துளை திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும்.

✦ முயல் தசையில் உள்ள இந்த ஏற்பியின் நுட்பமான வடிவம் 2015-ல் வெளியானது. இப்படிக் கண்டறியும் புரத வடிவங்கள் சரிதானா என்று சோதிக்க, உலகெங்கும் ஆய்வாளர்கள் நாடுவது ‘ராமச்சந்திரன் வரைபடம்’. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்டது அது.

✦ நெல்லில் தண்டுத் துளைப்பானுக்குத் தெளிக்கும் குளோரான்ட்ரனிலிபுரோல், புழுவின் ரையனோடின் ஏற்பியைத் திறந்தபடியே வைத்துவிடும். தசை முடங்கிய புழு தின்பதை நிறுத்திவிடும்.

✦ இந்த ஏற்பியின் மரபணுவில் கோளாறு உள்ள சிலருக்கு, ஹாலோத்தேன் போன்ற மயக்க மருந்துகளால் தசைகள் விறைத்து, உடல் வெப்பம் ஆபத்தாக உயரும். டான்ட்ரோலின் ஊசி உயிர் காக்கும். குடும்பத்தில் யாருக்காவது அறுவை சிகிச்சையின்போது இப்படி நேர்ந்திருந்தால், மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.