ஐஸ் பேக்டரியில் காணாமல் போகும் ஆயில்

உவரியிலும் கூட்டப்பனையிலும் கரையேறும் மீன் கெடாமல் திருநெல்வேலிக்கு வந்து சேர்வது ஐஸ் பார் தயவில். அந்த ஐஸ் பாருக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அம்மோனியா கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே 1870களில் செம்மைப்படுத்திய முறை. அடிப்படை இன்றும் அதேதான்.

இந்தக் கம்ப்ரசருக்கு ஆயில் மாற்றுவதும் லாரிக்கு மாற்றுவதும் ஒன்றுதான் என்று வெளியாட்கள் நினைக்கலாம். பாதி சரி. சக்‌ஷன் வால்வை மெல்ல மூடி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயிலில் கரைந்திருக்கும் வாயுவை இழுத்துவிட வேண்டும். பிறகு மெஷினை நிறுத்தி, டிஸ்சார்ஜ் வால்வையும் மூடி, மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மிச்ச வாயுவை ஹோஸ் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் விடுவார்கள். கேஜ் முள் சுழியத்துக்கு வந்த பிறகே வடிப்பது. இளஞ்சூட்டில் வடித்தால் அடிக்கசடும் சேர்ந்து வரும். கிராங்க்கேஸைத் துடைக்க வேஸ்ட் காட்டன் கூடாது. நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். புது ஆயில், கண்ணாடியில் பாதி மட்டம். முடிந்தது.

சிக்கல் கம்ப்ரசருக்கு வெளியே இருக்கிறது. ஓடும்போதே கொஞ்சம் ஆயில் வாயுவோடு கிளம்பிவிடும். செப்பரேட்டர் பெரும்பகுதியைப் பிடிக்கும். தப்பியது ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குளிர்குழாய்கள் வரை போகும். அம்மோனியாவில் இந்த ஆயில் சரியாகக் கரையாது, திரவ அம்மோனியாவைவிடக் கனம் வேறு. அடியில் தங்கி, குளிரில் கெட்டியாகிக் குழாயின் உள்சுவரில் படியும். ஐஸ் உறையத் தாமதமாகும், கரண்ட் பில் ஏறும். முதலாளி மோட்டாரைத் திட்டுவார்! நான் முதலில் கேட்பது ஆயில் நோட்டைத்தான். ஊற்றியது எவ்வளவு, வடித்தது எவ்வளவு என்று எழுதியிருந்தால், குறைவது எங்கே கிடக்கிறது என்று தேட வேறு கருவி வேண்டாம். பல இடங்களில் ஊற்றியதற்கு மட்டும் கணக்கு இருக்கும்.

அடியில் தங்கியதை ஆயில் பாட் என்னும் சேகரிப்புக் கலம் வழியாக வடிப்பதில்தான் ஆபத்து.

"அண்ணாச்சி, வால்வைத் திறந்தும் ஒண்ணும் வரலியே."

"கம்பியக் கிம்பிய விட்டுக் குத்திராதல! மூடு மொதல்ல."

கெட்டியான ஆயில் அடைப்பாக நிற்கும். குத்தினால் அது விலகி, பின்னால் இருக்கும் அம்மோனியா முகத்தில் பாயும். கைவிட்டதும் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இதற்காகவே இருக்கிறது. பித்தளை வால்வைப் போடக் கூடாது. அம்மோனியா அதை அரித்துவிடும். முகமூடி, கையுறை, இரண்டாவது ஆள், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் எல்லாம் வேண்டும். தண்ணீர் வாயுவை அமுக்கும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவில் நேராக ஊற்றினால் இன்னும் பொங்கும். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மயங்கி விழுந்தார்கள். அங்கே காரணம் வேறு, வாயு ஒன்றுதான்.

வடித்த ஆயிலை உடனே கேனில் அடைத்து மூடினால் கேன் உப்பும். காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்து, நெடி அடங்கிய பிறகு மூடி, உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்க வேண்டும். 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயக் கழிவு. பாளையங்கால்வாய்க்குப் போகும் ஓடையில் ஊற்றிவிட்டுக் கை கழுவுகிற கதையும் நடக்கிறது. அந்த அளவு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.