வரி தெற்கில், வகுப்பறை கிழக்கில்: தில்லி மாநகராட்சிப் பள்ளிகளின் சுமையை யார் ஏற்பது?

புது தில்லி: சொத்து வரி கொழிக்கும் பகுதிகளில் வசதி படைத்தோரின் பிள்ளைகள் தனியார் பள்ளிகளை நாடுகின்றனர். மாநகராட்சிப் பள்ளிகளையே நம்பியிருக்கும் ஏழைக் குடும்பங்கள் வரி வசூல் குறைந்த பகுதிகளில் வாழ்கின்றன. தலைநகரின் தொடக்கக் கல்வியைப் பல ஆண்டுகளாக அலைக்கழித்துவரும் சிக்கல் இதுவே.

தில்லியில் ஐந்தாம் வகுப்பு வரையிலான அரசுக் கல்வி பெரும்பாலும் மாநகராட்சியின் பொறுப்பு. அதன் பிறகு மாணவர்கள் தில்லி அரசின் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். மாநகராட்சி நடத்தும் பள்ளிகள் சுமார் 1,500. சொத்து வரி, சொத்துப் பரிமாற்ற வரி, விளம்பரக் கட்டணம் ஆகியவற்றுடன் தில்லி அரசின் நிதிப் பங்கும் சேர்ந்தே மாநகராட்சியின் கருவூலம் நிரம்ப வேண்டும்.

மூன்றாகப் பிரிந்தபோது...

ஷீலா தீட்சித் முதல்வராக இருந்தபோது, 2012-ம் ஆண்டில் மாநகராட்சி வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வடக்குக்கும் தெற்குக்கும் தலா 104 வார்டுகள், கிழக்குக்கு 64. நிர்வாகம் மக்களுக்கு நெருக்கமாகும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. ஆனால் பெரும் வணிக வளாகங்களும் செல்வந்தர் குடியிருப்புகளும் தெற்கிற்குச் சென்றன. யமுனைக்கு அப்பாலுள்ள நெரிசல் மிகுந்த குடியிருப்புகள் கிழக்கின் பங்காயின. பள்ளிகளும் ஆசிரியர்களும் மூன்றிலும் இருந்தனர்; வருவாய் மட்டும் அவ்வாறு பிரியவில்லை.

விளைவு, வகுப்பறைக்குள் எட்டியது. கரோனா பரவிய 2020-ல் வடக்கு தில்லி மாநகராட்சி ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தனர். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. நிதிப் பங்கைத் தரவில்லை என்று மாநகராட்சியும், தந்த பணத்தை முறையாகச் செலவிடவில்லை என்று தில்லி அரசும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின.

மீண்டும் ஒரே கருவூலம்

வருவாய் வாய்ப்பைப் பொருத்தவரை பிரிவினை சமமற்றது எனக் கூறி, 2022-ல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அவ்வாண்டு மே 22-ம் தேதி மூன்று மாநகராட்சிகளும் ஒன்றாயின. தெற்கில் செலுத்தப்படும் சொத்து வரி, மீண்டும் யமுனைக்கு அப்பாலுள்ள பள்ளியின் ஆசிரியருக்கும் சம்பளமாகச் சேர வழி பிறந்தது.

எனினும் எல்லைக்கோட்டை அழித்ததால் மட்டும் பற்றாக்குறை நீங்கிவிடவில்லை. ஊழியர்களின் சம்பளம், ஓய்வூதிய நிலுவை தொடர்பாக 2024-லும் மாநகராட்சியை உயர் நீதிமன்றம் கடுமையாக எச்சரித்தது.

2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அருகமைப் பள்ளியை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சி அமைப்புக்கும், நிதி வழங்கும் பொறுப்பை மத்திய, மாநில அரசுகளுக்குக் கூட்டாகவும் அளித்துள்ளது. கடமை ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருக்கும்வரை, வரியை எங்கு வசூலிப்பது என்பதைவிட யாருக்காகப் பகிர்வது என்ற கேள்வியே தலைநகரின் ஏழைப் பிள்ளைகளுக்கு முக்கியமானது.