பக்கவாத்தியப் பொறியும் பாட்டின் மாதிரியும்

புதிதாய்ப் புனைந்த பாட்டொன்று பிறர் செவிக்கு எட்டும்வரை, புனைந்தவனின் நெஞ்சிலும் குறிப்பேட்டிலுமே அடைபட்டுக் கிடக்கின்றது. தனிக்குரலிற் பாடிக் காட்டினால் அதன் முழுவுருவம் கேட்போர்க்குப் புலப்படுதல் அரிது. வாத்தியக்காரரை அழைத்து ஒலிப்பதிவு செய்வதற்கோ மாணவர் பலரிடம் பொருளில்லை. இக்குறையை நீக்க வந்தனவே தானே பக்கவாத்தியம் அமைக்கும் மென்பொருள்கள். அவற்றுள் நெடுங்காலம் வழங்கிவருவது, கனடா நாட்டவரான பீற்றர் கனன் ஆக்கி 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாண்ட் இன் எ பொக்ஸ்' ஆகும்.

அதன் இயக்கம் எளிது. திரையிற் கட்டங்கட்டமாய்த் தோன்றும் தாளப்பகுதிகளில், மேனாட்டார் 'கோட்' என வழங்கும் சுரக்கூட்டுகளின் பெயர்களை எழுதி, வேகத்தையும் பாணியையும் குறித்தால், பியானோ, கிற்றார், பேஸ், முரசு ஆகியன தத்தம் பகுதிகளை வாசிக்கத் தொடங்கிவிடும். இவ்வாசிப்பு இருவகைத்து. ஒன்று, 1983 இல் வழக்கிற்கு வந்த 'மிடி' முறை. அதில் ஒலியில்லை, எச்சுரம், எப்பொழுது, எவ்வளவு அழுத்தத்துடன் என்னும் கட்டளைகளே உள. ஆதலின் வேகத்தையும் சுருதியையும் விரும்பியவாறு மாற்றலாம். மற்றையது, கலைஞர் உண்மையில் வாசித்த ஒலிப்பதிவுகளைப் பொருத்துவது. 2007 முதல் இதுவுஞ் சேர்ந்தது. இனிமை மிக்கதெனினும், வேகத்தை மிகையாக மாற்றினால் ஒலி கெடும்.

பாடுவோரின் சுருதியை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். ஒரு கட்டை 'சி' ஆகும். ஐந்து கட்டையிற் பாடும் பெண்ணுக்கு 'ஜி' வேண்டும்.

இனி, நாம் தவறிய இடத்தைச் சொல்லுவோம். வாணி விழாவுக்கென மோகனத்தில் அமைத்த பாட்டொன்றுக்கு, எங்கும் வழங்கும் 'சி', 'எஃப்', 'ஜி' என்னும் மூன்று கூட்டுகளையே இட்டோம். ஒலி நிறைந்து முழங்கிற்று. கேட்டிருந்த பெரியவர் ஒருவர், "பாட்டு நன்று தம்பி, இராகம் யாதோ?" என்றார். நாணத்துடன் ஆராய்ந்தோம். 'சி'யைச் சட்சமாகக் கொண்டால், 'எஃப்' கூட்டு மத்திமத்தையே அடியாக உடையது. 'ஜி' கூட்டின் நடுவில் நிஷாதம் நிற்கின்றது. மோகனத்தில் இவ்விரண்டும் இல்லை. பாடுபவன் விலக்கிய சுரங்களை வாத்தியங்கள் விடாது ஒலித்திருக்கின்றன! 'சி'யையும் (ச க ப) 'ஏ மைனரை'யும் (த ச க) மட்டும் இட்டபோது மோகனம் மீண்டது. கலியாணிக்கும் 'எஃப்' பொருந்தாது. பிரதி மத்திமத்தைக் கொண்ட 'டி மேஜர்' பொருந்தும். பொறி கோட்டை அறியுமேயன்றி இராகத்தை அறியாது. கமகத்தைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை.

அமைத்த வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களாக எடுத்து, ரீப்பர், கியூபேஸ் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளொன்றில் ஒரே தொடக்கப் புள்ளியில் வைத்துக் குரலைப் பதிதல் அடுத்த வேலை. பாடுவோர் காதுக்கருவி அணியாவிடின் பக்கவாத்தியமும் ஒலிவாங்கியிற் புகுந்து, பின்னர்ப் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். தாமதமும் ஓர் இடர். செக்கனுக்கு 44,100 ஒலிக்கூறுகள் பதியுங்கால், கணினி 512 கூறுகளைத் திரட்டியே வெளியிடுமாயின், அத்திரட்டால் மட்டும் ஏறக்குறைய 12 மில்லிசெக்கன் பிந்தும். போகவும் வரவுமாகக் கூடிப் பாடுவோரைத் தடுமாறச் செய்யும். பதியும்போது 128 ஆகக் குறைத்தால் பிந்துவது 3 மில்லிசெக்கன் அளவே.

குரல் முன்னிற்க வேண்டும், முரசைத் தாழ்த்துக. மாதிரியைக் கேட்பவர் தேடுவது மெட்டையும் சொல்லையுமே. நாம் இரு பிரதிகள் செய்தோம்: ஒன்று எல்லா வாத்தியங்களோடும், மற்றையது குரலும் சுருதியும் மட்டுமாக. விழாவுக்கு வாசிக்க இசைந்த வயலின் ஆசிரியரிடம் இரண்டையுங் கொடுத்தோம். அவர் இரண்டாவதையே வைத்துக்கொண்டார்; எமது பியானோவும் முரசும் கணினியிலேயே தங்கிவிட்டன. வயலினும் மிருதங்கமும் துணைநிற்க, பாட்டு மேடையேறிற்று.