பிரேக்கைக் கழற்றிய செல்கள்

2016 அக்டோபர் 28. சீனாவின் செங்டு நகரிலுள்ள மேற்குச் சீன மருத்துவமனையில், நுரையீரல் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு அவருடைய செல்களையே ஊசி வழியே திரும்ப ஏற்றினார்கள். இடையில் ஒரு வேலை நடந்திருந்தது: அந்தச் செல்களில் ஒரு மரபணுவை வெட்டியிருந்தார்கள். மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பரால் மாற்றிய செல்கள் மனித உடம்புக்குள் போனது அதுவே முதல் தடவை.

வெட்டுப்பட்டது பிடி-1. நோயை எதிர்க்கும் டி செல்லின் பிரேக் அது. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1992-இல் கண்டெடுத்தது. 2018-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதையொட்டித்தான். புற்றுநோய்க்கு இந்த பிரேக் நன்றாகத் தெரியும். தன்னைத் தாக்க வரும் டி செல்லின் பிரேக்கை அதுவே மிதித்துவிடும். பிரேக்கே இல்லாத டி செல்லை அனுப்பினால்?

ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, நொடிக்கும் குறைவான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். செல்லின் மேலுறையில் நுண்துளைகள் திறந்து மூடும். அந்த இடைவெளியில் கிரிஸ்பருக்கான மரபணுத் துணுக்குகள் உள்ளே நுழைந்துவிடும். திருத்தம் பிடித்ததோ நூற்றுக்கு ஆறு செல் என்ற அளவில்தான். 12 பேருக்கு இந்தச் சிகிச்சை கிடைத்தது. பெரிய பக்கவிளைவு இல்லை. பெரிய பலனும் இல்லை. பாதிப் பேருக்கு எட்டு வாரத்துக்குள் நோய் மேலும் முன்னேறிவிட்டது. ஆபத்தில்லை என்று தெரிந்ததே லாபம் என்பேன்.

ஏனென்றால் ஆபத்து எப்படியிருக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கெனவே பார்த்திருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நடந்தது, 2010-இல் பதிவானது. பெருங்குடல் புற்று நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிய ஒருவருக்கு, ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடித் தாக்கும்படி மாற்றிய டி செல்கள் ஆயிரம் கோடி ஏற்றப்பட்டன. 15 நிமிடத்தில் மூச்சுத் திணறியது. ஐந்தாம் நாள் இறந்துபோனார். ஆரோக்கியமான நுரையீரல் செல்களிலும் ஹெர்-2 துளியளவு உண்டு. ஏற்றிய செல்களுக்கு அந்தத் துளியே போதுமாக இருந்தது.

இப்படி மாற்றிய டி செல்களை ஏற்றும் கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோயில் ஜெயித்ததற்கும் நுரையீரலில் தடுமாறுவதற்கும் ஒரு முக்கியக் காரணம் இதுதான். அங்கே புற்றோடு சேர்த்து எதிர்ப்புப் புரதங்களுக்கு ஆதாரமான நல்ல பி செல்கள் அத்தனையும் அழிந்தாலும் அந்தப் புரதங்களை ஊசியில் ஏற்றிச் சமாளிக்கலாம். நுரையீரலை அப்படிப் பலிகொடுக்க முடியுமா?

ஆகவே இப்போது பிரேக்கைக் கழற்றுவதைவிட அதைச் சரியான இடத்தில் பொருத்துவதில்தான் சுவாரசியமான வேலை நடக்கிறது. சிலர் பிறப்பிலேயே எச்எல்ஏ-ஏ2 என்ற அடையாளத்தை உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் சுமக்கிறார்கள். நோய் எதிர்ப்பின் கண்ணில் படாமலிருக்கப் புற்றுச் செல்கள் இப்படிப்பட்ட அடையாளங்களில் பாதியை உதறிவிடுவதுண்டு. ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய்களில் சுமார் 40%-இல் இந்தத் தந்திரம் நடப்பதாக 2017-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுவரும் ஒருவகை டி செல்லில் இரண்டு உணரிகள் உண்டு. சிஇஏ என்ற புரதத்தைக் கண்டால் ஒன்று தாக்கச் சொல்லும். ஏ2 கண்ணில் பட்டால் மற்றது நிறுத்தச் சொல்லும். தப்பிப்பதற்காக ஏ2-வைத் தொலைத்த செல் மட்டும் மாட்டிக்கொள்ளும்.