'எக்ரீஜியஸ்', 'ஃபிளேக்ரண்ட்': இரு பழிப்புப் பெயரடைகளின் சொற்பிறப்பும் பொருள் வேறுபாடும்

முன்னுரை

குற்றத்தையும் பிழையையும் கடிந்துரைக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடைகளுள் 'எக்ரீஜியஸ்', 'ஃபிளேக்ரண்ட்' என்பன குறிப்பிடத்தக்கவை. தமிழாக்கத்தில் இவ்விரண்டிற்கும் 'அப்பட்டமான' என்னும் ஒரே சொல்லை இட்டால், சட்டம் சார்ந்த உரைகளில் பொருட்பிழை நேரும். எனவே இவற்றின் வேரையும் பொருளெல்லையையும் பிரித்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எக்ரீஜியஸ்

இலத்தீனில் 'எக்ஸ்' என்பது 'வெளியே' எனவும் 'கிரெக்ஸ்' என்பது 'மந்தை' எனவும் பொருள்படும். இவற்றினின்று பிறந்த 'எக்ரேகியுஸ்' மந்தையினின்று தனித்து நிற்பதை, அதாவது சிறப்புடையதைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோது இச்சொல் புகழ்ச்சியையே உணர்த்தியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இகழ்ச்சிப் பொருளும் தோன்றியது. வஞ்சப் புகழ்ச்சியாக ஆளப்பட்டமை இதற்குக் காரணமாகலாம். இத்தாலியத்திலோ இதன் இனச்சொல்லாகிய 'எக்ரேஜோ' இன்றும் மடல்களில் மதிப்புரைச் சொல்லாகவே வழங்குகின்றது. தமிழில் பாராட்டுச் சொல்லாகிய 'பலே', 'பலே திருடன்' என்னும் தொடரில் இகழ்ச்சி ஏற்பது ஒப்புநோக்கத்தக்கது. ஆயின் 'பலே' தன் புகழ்ச்சிப் பொருளை இழக்கவில்லை. 'எக்ரீஜியஸ்' ஏறக்குறைய முற்றிலும் இழந்துவிட்டது.

ஃபிளேக்ரண்ட்

இது 'எரிதல்' எனப் பொருள்படும் 'ஃபிளக்ராரே' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. பெருந்தீயைக் குறிக்கும் 'கான்ஃபிளக்ரேஷன்' இதன் உடன்பிறப்பு. முதலில் ஒளிர்தல், எரிதல் ஆகிய பொருள்களில் வழங்கிய இச்சொல், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழிப்புப் பொருளைப் பெற்றது. 'இன் ஃபிளக்ராந்தே தெலிக்தோ' என்னும் சட்டத்தொடர் குற்றம் எரிந்துகொண்டிருக்கும் நிலையைக் குறிக்கும். தமிழில் 'கையும் களவுமாக' என்போம். எரியும் நெருப்பு மறையாது என்பதே இங்கு அடிப்படை உருவகம்.

பொருள் வேறுபாடு

முன்னது தீமையின் அளவைச் சுட்டுகிறது. பின்னது அதன் மறைவின்மையைச் சுட்டுகிறது. கணக்கேடுகளில் பல்லாண்டு புதைந்து கிடந்து பின்னர் வெளிப்படும் பெரும்பிழை 'எக்ரீஜியஸ்' ஆகும், 'ஃபிளேக்ரண்ட்' ஆகாது. காவலர் கண்ணெதிரிலேயே அச்சமின்றிச் செய்யப்படும் சிறு விதிமீறல் 'ஃபிளேக்ரண்ட்' ஆகும், 'எக்ரீஜியஸ்' ஆகாது. பெருங்கொடுமை வெளிப்படையாகவும் நிகழுமிடத்து இரண்டும் பொருந்தும். இந்தப் பொது இடமே மயக்கத்திற்குக் காரணமாகிறது.

முடிவுரை

மந்தை, நெருப்பு என்னும் இரு வேர்களும் இன்றைய பொருளிலும் தொடர்கின்றன. ஆதலின் 'எக்ரீஜியஸ்' என்பதற்கு இடம்நோக்கி 'படுமோசமான', 'மிகக் கொடிய' எனவும், 'ஃபிளேக்ரண்ட்' என்பதற்கு 'அப்பட்டமான', 'ஒளிவுமறைவற்ற' எனவும் பெயர்ப்பது தக்கதாகும்.